கண்ணாடி வீட்டில் காற்று இல்லை

ஜனவரி 9

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். காலிப் பூப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் மலை ஏறினேன். அத்தானிடம் சொன்னால் சிரிப்பார், சிரிக்கட்டும். இங்கே போன் எடுக்காது. ஆபீசில் ஒன்று இருக்கிறது, அது ஆர்டருக்கு மட்டும் என்று மேனேஜர் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார். வாரம் ஒரு தடவை பூ வண்டி கீழே இறங்கும். படங்கள் உள்ள கார்டையும் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் வீட்டைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறாராம்.

பூக்களைக் கட்டி அடுக்கும் கொட்டகைக்கு மேலே எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் கண்ணாடி வீடுகள். ரோஜாவுக்கு ஒரு வீடு, கார்னேஷனுக்கு ஒரு வீடு, லில்லிக்கு ஒரு வீடு. உங்கள் பிரஸ் அடிக்கப்போகும் பண்ணைக் கேட்டலாக்கில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு படம் வேண்டும். நேற்றே ஆரம்பித்துவிட்டேன். ஸ்டுடியோவில் இத்தனை வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தேனே, 'தாடையக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பூவிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தால் போதும்.

செடிகளுக்கு மருந்து அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். டீக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் டக்டக் என்று சத்தம் வரும், அவ்வளவு கை நடுக்கம். எல்லோரும் அவரை டக்டக் என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

என் அறைக்கு என்ன நிறம் அடித்தீர்கள்? கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன், கை கேட்டுவிட்டது. வேலையும் வாங்கிக் கொடுத்து, பெட்டியும் கட்டிக் கொடுத்து ஒருத்தியை வீட்டை விட்டு அனுப்புவதற்கு உன்னைப் போல் யாருக்கும் வராது. குறை சொல்லவில்லை. கார்டு பத்திரம்.

சின்னவள்

ஜனவரி 15

சின்னவளே,

போகும்போது சண்டையையும் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். மஞ்சள் அடித்தோம். போதுமா? குழந்தைக்கு இடம் வேண்டும் என்று சொன்னேன். உனக்கு இடமில்லை என்று நான் எப்போது சொன்னேன்? உனக்கு மூக்கு நுனியில் கோபம். அது உன் பிறவிக் குணம், அதற்கு நான் என்ன செய்வது.

டாக்டர் என்னை அசையவே கூடாது என்று சொல்லிவிட்டார். பிரஸ்காரர்கள் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கீபோர்டை வயிற்றின் மேல் வைத்துத்தான் வேலை. உள்ளே இருப்பது உதைத்தால் உன் ரோஜா ஊதாவாக மாறிவிடுகிறது.

படங்கள் நன்றாக இருக்கின்றன, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இது என்ன, பூக்கள் கேட்டலாக்கா, பூச்சிகள் கேட்டலாக்கா? ரோஜாவில் எறும்பு. ஜெர்பராவில் கொசு மாதிரி ஏதோ ஒன்று. லில்லிக்குள் ஒரு தேனீ தலையை விட்டுக்கொண்டு உலகத்துக்கு முதுகைக் காட்டுகிறது. ஒவ்வொன்றாக அழித்து அழித்து என் கண் பூத்துப் போய்விட்டது. இனிமேல் பூச்சி இல்லாமல் எடுத்து அனுப்பு. எப்படி என்று என்னைக் கேட்காதே, நீதானே அங்கே இருக்கிறாய்.

இன்னொன்று. அந்தச் சிவப்பு கார்னேஷன் மேல் துளித்துளியாக நிற்கிறதே, அதைப் பார்த்து எங்கள் முதலாளி சொக்கிப்போனார். "இப்பதான் பறிச்ச மாதிரி இருக்குங்க, எல்லாமே இப்படி வேணும்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

சாப்பிடு. உன் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அக்கா

ஜனவரி 23

அக்கா,

உன் முதலாளி கேட்ட துளி தண்ணீர் இல்லை. அன்று காலை அந்த வீட்டில் மருந்து அடித்திருந்தார்கள், நான் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. மருந்து அடித்த கையோடு போனால் பூச்சியும் இருக்காது, துளியும் இருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மருந்து அடித்த வீட்டுக்கு வாசலில் சிவப்புப் பலகை மாட்டுவார்கள். மறுநாள் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மறுநாள் போனால் துளி காய்ந்துவிடும். டக்டக்கிடம் கெஞ்சினேன். "பின்கதவு இருக்கும்மா, மேனேஜர் கண்ணுல படாம போய்ட்டு வந்துரு. நான் வருஷக்கணக்கா இதுலயே நிக்கறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார். கோப்பை தட்டில் டக்டக் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது. பூண்டு உரித்த மாதிரி ஒரு வாடை, கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. அதற்குப் பிறகு அமைதி. சாதாரணமாகக் கண்ணாடி வீட்டுக்குள் எங்கேயாவது ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும், அது நின்ற பிறகுதான் இருந்ததே தெரிகிறது. இலை அசையவில்லை. ஒரு தேனீ பாதையில் மல்லாந்து கிடந்து கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டது. அதைத் தாண்டிப் போனேன்.

ஒரு துளிக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வீடு முழுவதும் தலைகீழாக அதற்குள் இருக்கிறது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது நான். அடுத்த துளியிலும் நான். ஒரு பூவில் எத்தனை துளியோ அத்தனை நான். என் முகம் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். அந்தப் புள்ளியை எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு அழகான ஒன்றுக்கு நடுவில் இருக்க எனக்கும் அனுமதி உண்டு என்று தோன்றி அழுகை வந்தது. மருந்துக் காரமாகவும் இருக்கலாம்.

சாப்பிடுகிறேன்.

சின்னவள்

ஜனவரி 30

சின்னவளே,

கண் பட்டுவிடும், நான் சொல்லப் போவதில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். படங்களை பிரஸ்ஸில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். முதலாளி உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். அட்டைப் படத்துக்கு வெள்ளை லில்லி வேண்டுமாம், அதையும் நீயே எடுக்க வேண்டுமாம். பூச்சி ஒன்றுகூட இல்லை. நான் ஒன்றையும் தொடாமல் அப்படியே கேட்டலாக் பக்கத்தில் வைத்தேன்.

கறுப்புப் புள்ளியைத் தேடினேன். பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. உன் தோளை வைத்துக் கண்டுபிடித்தேன், ஒரு பக்கம் இறக்கி நிற்பாயே. உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க? எனக்கு அழுக்கு மாதிரிதான் தெரியுது" என்றார். அவர் கண் அப்படி.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு போ. உறையைத் திறந்தபோது அந்தப் பூண்டு வாடை வந்தது. பிள்ளைத்தாச்சி, எனக்கு எல்லா வாடையும் இரண்டு மடங்காக வருகிறது என்று வைத்துக்கொள்.

அட்டைப் படத்தை அடுத்த மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அவசரமில்லை.

அக்கா

பிப்ரவரி 6

அக்கா,

சளி. அதனால்தான் காகிதத்தில் அங்கங்கே மை ஊறியிருக்கிறது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. வாயில்கூட நீர் ஊறுகிறது, நீ மசக்கையில் துப்பிக்கொண்டே இருந்தாயே அந்த மாதிரி. உனக்குத் துணையாக எனக்கும் வந்துவிட்டதோ என்று கொட்டகைப் பெண்களிடம் சொன்னேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்கள் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். மருந்து வாடை என் சட்டையில் இருக்கிறதாம். எனக்குத் தெரியவில்லை.

இங்கே வெளிச்சம் குறைந்துவிட்டது. மழைக்காலம் இல்லை, ஆனால் நாள் முழுக்கப் பொழுது சாய்ந்த மாதிரியே இருக்கிறது. கேமராத் திரையிலும் படம் இருட்டாக வருகிறது. ஷட்டரை மெதுவாக்கி, நிறைய வெளிச்சம் விட்டு எடுக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இருட்டாக இருந்தாலும் எல்லாம் அத்தனை கூர்மையாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் மகரந்தம், தூரத்தில் இருக்கும் கதவின் ஆணி, இரண்டும் ஒரே நேரத்தில். இப்படி ஒரு கண் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

நேற்று கார்னேஷன் வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பூனை படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்துப் படம் எடுத்தேன். சுற்றி உதிர்ந்த சிவப்பு இதழ்கள், மீசையில் ஒரு துளி. பிறகுதான் தெரிந்தது. அந்தப் படத்தை நீ அழித்துவிடு, ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்.

இடது கண் இமை தானாகத் துடிக்கிறது. நல்ல செய்தி வருமாம், டக்டக் சொன்னார்.

சின்னவள்

பிப்ரவரி 13

சின்னவளே,

பூனையைப் பார்த்தேன். உடனே அழித்துவிட்டேன். அழகாக இருந்ததால்தான் அழித்தேன்.

இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வெளுத்துப் போயிருக்கின்றன. பாலில் முக்கி எடுத்த மாதிரி. ஒன்றில்கூடக் கோடு நேராக இல்லை, எல்லாம் அசைந்திருக்கின்றன. பிரஸ்ஸுக்குத் தெரிந்தால் உன் மானம் போகும் என்று நானே ஒவ்வொன்றாக உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைத்து, விளிம்பைக் கூராக்கி, பூசி மெழுகி அனுப்பினேன். யாருக்கும் தெரியாது. முதலாளி வழக்கம்போல் சொக்கிப்போனார். அது என் சாமர்த்தியம், நீ கவலைப்படாதே.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. படத்தில் நிழல்கள் எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. நல்ல வெயில் இருந்தால்தான் அப்படி விழும். நீ இருட்டு என்கிறாய். வண்டிக்காரரைக் கேட்டேன். "மேலயா? வெயில் மண்டையப் பொளக்குதுங்க" என்றார். பூ அசைந்தது காற்றால் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியும். கண்ணாடி வீட்டுக்குள் காற்று ஏது?

உன் கையெழுத்தும் சரியில்லை. வரி மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. சளிக்கு யாராவது அப்படி எழுதுவார்களா?

என்னால் எழுந்து வர முடியாது. எழுந்து நின்றாலே டாக்டர் கத்துகிறார். உன் அத்தானை இந்த வண்டியிலேயே அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுவருகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இரு. அவர் வந்து போகும்வரையாவது அந்தப் பின்கதவுப் பக்கம் போகாதே.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

வேவு பார்க்க நல்ல ஆளை அனுப்பினாய். வந்ததிலிருந்து தும்மல். ரோஜா வீட்டு வாசலில் நின்று "ஆகா, ஆகா" என்றார், உள்ளே வரவில்லை. கையில் ரொட்டியும் பழமும், கண்ணில் உன் பயமும். "உடம்ப பாத்துக்கம்மா, உங்க அக்கா தூங்கறதே இல்ல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு கட்டு லில்லி கட்டிக் கொடுத்தேன், அவருக்கு இல்லை, உனக்கு.

காற்று எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தோ வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறேன். மூச்சை விடும்போது நெஞ்சில் யாரோ துணியை முறுக்குகிற மாதிரி இருக்கிறது, அதுகூட மண்டி போட்டே இருப்பதால்தான். மேலே வந்திருந்த அடிவாரத்து நர்ஸ் சளி மாத்திரை கொடுத்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டாள். படம் எடுக்கிறேன் என்றேன். நல்ல வேலை என்றாள்.

என் படங்களை நீ பூசி மெழுகினாய் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றிரண்டில் கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கும், நானும் மனுஷிதானே. அதற்காக எல்லாவற்றையும் நீதான் செய்தாய் என்பது போல் எழுதாதே. சின்ன வயதிலிருந்து நான் எதைச் செய்தாலும் பின்னாலேயே வந்து சரிசெய்துவிட்டு அதைச் சொல்லியும் காட்டுவாய். இந்த ஒன்றையாவது என்னுடையதாக இருக்க விடு.

உனக்குப் புரியாது அக்கா. நீ திரையில்தான் பூவைப் பார்க்கிறாய். அந்த அமைதிக்குள் நான் இருக்கும்போது எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. உன் மீதுகூட.

சின்னவள்

பிப்ரவரி 26

சின்னவளே,

உன் அத்தான் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் இளைச்சிருக்கா. கண்ணுதான் என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றார். என்ன மாதிரி என்றேன். "நடுவுல கறுப்பா இருக்குமே, அது கடுகு மாதிரி சின்னதா இருந்துச்சு. வெயில்ல நின்னதால இருக்கும்" என்றார். எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்றேன். உன் அறைக்குள், ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாயாம்.

மறுநாள் டாக்டர் என்னைப் பார்க்க வந்தபோது உன் கடிதங்களைக் காட்டினேன். என் வயிற்றைத் தொட வந்தவர் கையை எடுத்துவிட்டு நின்றுகொண்டே படித்தார். மூக்கில் நீர், வாயில் நீர், இமைத் துடிப்பு, இருட்டு, எல்லாம் ஒரே காரணம் என்றார். அந்த மாதிரிப் பூச்சிமருந்து உடம்பில் சேர்ந்தால் கண்ணின் துவாரம் சுருங்கிவிடுமாம். அதனால்தான் உனக்கு எல்லாம் இருட்டாகவும் கூர்மையாகவும் தெரிகிறது. லென்ஸில் துவாரத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவளே நீதானே. உனக்கு ஏன் தோன்றவில்லை? டாக்டர் சொன்னார்: "கை நடுங்கறது முதல்ல. மூச்சு கடைசில. இடையில எவ்வளவு நாள் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. உடனே கூட்டிட்டு வாங்க."

நீ கொடுத்த லில்லியை உன் அத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே வாங்கி எறியச் சொன்னேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், சட்டையை மாற்றச் சொன்னேன். பாவம், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆபீஸ் போனுக்குப் பேசினேன். மேனேஜர், "அவங்க நல்லாத்தாங்க இருக்காங்க. உள்ள போகச் சொல்லி நாங்க யாரும் சொல்லலையே" என்று வைத்துவிட்டார். உண்மைதான். பூச்சி இருக்கக் கூடாது, துளி இருக்க வேண்டும் என்று சொன்னது நான்.

தொட்டிலை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். மஞ்சள் அறை காலியாக இருக்கிறது, உன் கட்டில் திரும்ப வந்துவிட்டது. பூச்சியோடு எடு, புழுவோடு எடு, எடுக்காமலே இரு. வந்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள், இப்போது குனிய முடியாது.

அக்கா

மார்ச் 3

அக்கா,

என்னைப் பார்க்காத டாக்டர் என் கடிதத்துக்கு வைத்தியம் பார்க்கிறார். நல்லது.

அந்த அறை வேண்டாம். குழந்தை வளர்ந்ததும் மறுபடி இடம் வேண்டும் என்பாய். மறுபடி எனக்கு ஒரு வேலை தேடுவாய்.

வெள்ளை லில்லி விரிய ஆரம்பித்துவிட்டது. அட்டைப் படம் எடுக்காமல் வரமாட்டேன். நேற்று எடுக்கப் போனேன், விரல் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்து என்று சொல்கிறேன், விரல் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இடது கையால் வலது விரலைப் பிடித்து அழுத்தினேன். எழுத்து இப்படி இருப்பதற்கு மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு படம். அவ்வளவுதான். அதன்பிறகு பார்க்கலாம்.

சின்னவள்

மார்ச் 10

சின்னவளே,

இதைப் படிக்கும்போது உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்ல வேண்டும்.

லில்லிப் படங்கள் வந்தன. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை. பூ எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் நினைத்திருந்தால் அதையும் ஒப்பேற்றியிருப்பேன். கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். என் சாமர்த்தியம் இருக்கும்வரை உன்னை யாரும் அங்கிருந்து இறக்கப் போவதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ விழுந்துகொண்டே இருந்தாய், நான் அதைத் திரையில் நிமிர்த்தி நிமிர்த்தி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் சரிசெய்வதை நிறுத்தினேன். இந்த வாரப் படங்களை மட்டுமல்ல, போன மாதத்துப் படங்களையும் நீ அனுப்பியபடியே முதலாளிக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை நாள் இதத்தான் நீங்க ரெடி பண்ணிக் கொடுத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். புரூஃப்களைப் பண்ணைக்கே அனுப்பிவிட்டார். இனி அவர்கள் உன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

என்னைத் திட்டு. கீழே வந்து, என் கட்டில் பக்கத்தில் நின்று, வாய் வலிக்கும்வரை திட்டு. வண்டிக்காரரிடம் சொல்லி முன்சீட்டில் ஜன்னலோரம் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். பெட்டிகளுக்கு நடுவே உட்காராதே. கண்ணாடியை இறக்கிவிட்டு நல்ல காற்றை இழுத்துக்கொண்டு வா. டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

வலி விட்டு விட்டு வருகிறது. இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள். நீ வந்த பிறகு பிறந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

மேனேஜர் கூப்பிட்டார். மேஜை மேல் புரூஃப்களைப் பரப்பி வைத்திருந்தார். வேறு யாரோ எடுத்தது என்று நினைத்தேன். ஓரத்தில் என் பெயர் இருந்தது. ஒன்றிரண்டில் கொஞ்சம் வெளிச்சம் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, ஒன்றில்கூடப் பூ இல்லை. என் கண்ணுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒன்று காகிதத்தில் எங்கேயும் இல்லை. சுவரில் ஒட்டி வைத்தார்கள் என்று எழுதினாயே, பிப்ரவரியிலிருந்து ஒட்டியதெல்லாம் உன்னுடைய படங்கள்தான். அறையை எடுத்துக்கொண்டபோது வலித்தது. இது அதைவிட வலிக்கிறது.

ஆனாலும் வண்டிக்குப் போனேன், பொய் சொல்ல மாட்டேன். வண்டிக்காரர் முன்சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். பெட்டியையும் உள்ளே வைத்துவிட்டேன். அப்போதுதான் கொட்டகைப் பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. போன வாரம் டக்டக்கை லில்லி வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்டுபிடித்தார்களாம். கண் திறந்துதான் இருந்ததாம், தலையைத் தூக்க முடியவில்லையாம். இதே வண்டியில்தான் படுக்க வைத்துக் கீழே அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்காமல் மேனேஜர் தவித்துக்கொண்டிருக்கிறாராம்.

பெட்டியை இறக்கினேன். ஆபீசுக்குத் திரும்பிப் போய், "அந்த வேலைய நான் செய்றேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து எல்லா வீடுகளின் சாவிகளையும் எடுத்து வைத்தார். நடுங்குகிற கையைப் பார்த்து அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

உன் டாக்டர் சொன்னது எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். கீழே வந்தால் எனக்கு என்ன இருக்கிறது? உன் மஞ்சள் அறையும், 'தாடையக் கொஞ்சம் இறக்குங்க' என்பதும்தான். இங்கே காலையில் அந்த ரீங்காரம் நிற்கும் நேரத்தில் முதல் ஆளாக நான் இருப்பேன். பின்கதவு வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். கேமரா என்னுடையது, அதை யாரும் கேட்கவில்லை. கார்டு இனி உனக்கு வராது. எப்படி வந்திருக்கிறது என்று நான் பார்க்கப் போவதும் இல்லை, எடுக்கும்போது தெரிவது போதும்.

பயப்படாதே, முகமூடி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மூச்சு கண்ணாடியில் படிந்து பூ தெரிவதில்லை. படம் எடுக்கும்போது மட்டும் கழற்றிக்கொள்கிறேன்.

இதைக் கொட்டகைப் பெண் ஒருத்தி எழுதிக் கொடுக்கிறாள், நான் சொல்லச் சொல்ல. அவள் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும், என்ன குழந்தை என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பு. நாளைக்கு லில்லி வீட்டில் மருந்து. நான்தான் அடிக்கிறேன்.

சின்னவள்